சாப்பிடுகிறவரைக் கூப்பிடாதீர்கள்

மெய்யம்மை ஆச்சி வீட்டுக் கூடத்தில் டிவி பெட்டி வந்து இறங்கிய அன்று காஜா பேராங் வட்டாரமே அங்கே கூடி நின்றது. நாடு சுதந்திரம் பெற்று, பிறகு மலேசியா என்று புதுப் பெயரும் வைத்துக்கொண்டு, எதைப் பார்த்தாலும் ‘நம்முடையது’ என்று மார்தட்டிக்கொண்டிருந்த காலம் அது. பெட்டியும் நம்முடையதுதான் என்று எல்லாரும் பூரித்துப் போனார்கள். அன்னம்மா மட்டும் பிள்ளைகளின் பால் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் எட்டிப் பார்த்தாள். கழுத்தில் டை கட்டிய ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். நாம் பேசினால் அவருக்குக் கேட்குமா என்று விசாரித்தாள். கேட்காது என்றார்கள். அப்படியென்றால் என்ன பேச்சு அது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆச்சி செட்டிநாட்டுக்காரி, அவர்கள் குடும்பம் மலாக்கா டவுனில் கடை, வீடு, கார் என்று நிலைத்துவிட்ட குடும்பம். அன்னம்மாவும் செட்டிதான், ஆனால் இது வேறு செட்டி. அவளுடைய முன்னோர்கள் எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து, இந்த ஊர்ப் பெண்களைக் கட்டி, இங்கேயே மண்ணாகிப் போனவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயா சட்டையும். ஆச்சி வீட்டு அடுப்படிக்குச் சின்ன வயதிலேயே வேலைக்கு வந்ததால் அன்னம்மாவுக்குத் தமிழ் வாய்த்தது. அவள் தமிழில் செட்டிநாட்டு வாடையும் இருக்கும், மலாயும் இடையில் தலைநீட்டும். புரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

பிறகு ஆச்சி தன் வீட்டு முன்கூடத்தில் பாலர் வகுப்பு ஒன்று தொடங்கினார். பள்ளிக்கூடம் போக வயதாகாத வாண்டுகள். ஆச்சி காலையில் பட்டுச்சேலை சரசரக்க வந்து ‘அ’னா ‘ஆ’வன்னா சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். மற்றதெல்லாம் அன்னம்மா. அழுதால் தூக்குவது, நனைத்தால் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, தூங்கவைப்பது. ஆச்சியின் பாலர் வகுப்பு என்று ஊரெல்லாம் பேச்சு. பெயர் ஆச்சிக்கு, மூக்குச்சளி அன்னம்மாவுக்கு. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. பிள்ளைகள் அவளைத்தானே சுற்றிச் சுற்றி வந்தன, அவளுக்கு அது போதும்.

அவளுக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்றுதான். அது அவள் புருஷன் ராஜனின் சாப்பாடு.

ராஜன் ஆச்சி வீட்டுக் கார் டிரைவர். வீடு பக்கத்துச் சந்திலேயே, கார் ஹாரன் அடித்தால் கேட்கிற தூரத்தில். அந்தத் தூரம்தான் வினையாகப் போயிற்று. அவன் தட்டின் முன் உட்கார வேண்டியது, இரண்டு வாய் வைக்க வேண்டியது, அந்தப் பக்கம் ஹாரன் அலற வேண்டியது. ஆச்சிக்குக் கோயிலுக்குப் போக வேண்டும். சின்ன மகனுக்குக் கிளேபாங் கடற்கரைக்குப் போக வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வெற்றிலை தீர்ந்துபோயிருக்கும். ஹாரன் அடித்தும் அவன் வரத் தாமதமானால் ‘ராஜன், ராஜன்’ என்று மாடியிலிருந்து குரல் வரும். அவ்வளவுதான், மனிதன் கையை உதறிக்கொண்டு எழுந்து ஓடுவான். சாப்பிட்டுவிட்டுப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று அன்னம்மா கத்துவாள். அவன் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவான். திரும்பி வரும்போது சோறு விறைத்துப் போயிருக்கும். பசி செத்துவிட்டது என்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான்.

கட்டிய நாளிலிருந்து அவன் முழுசாகச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு மனிதன் வருஷக்கணக்கில் அரை வயிற்றோடு எழுந்திருப்பானா என்று கேட்பார்கள். எழுந்திருப்பான். கூப்பிடுகிறவர்களுக்கு மனசாட்சி இல்லையென்றால் எழுந்திருப்பான்.

கடைசி நாளும் அப்படித்தான். தெங்கேரா சந்தையில் வாங்கிய மீனைப் புளிவிட்டுப் பிண்டாங் வைத்திருந்தாள், அவனுக்கு உயிரான குழம்பு. முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினான். ஹாரன் அடித்தது. போய்விட்டு வருகிறேன், மூடி வை என்றான். காரைக் கொட்டகையிலிருந்து எடுக்கும்போதே மாரைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டான். செய்தி வந்து அவள் ஓடி, எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது தட்டு மூடியபடியே இருந்தது. ஆச்சி வீட்டில் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள், மாலை பெரிதாகத்தான் போட்டார்கள். ராஜனைப் போல் விசுவாசமான ஆள் கிடைக்குமா என்று ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்னம்மாவுக்கு வயிறு எரிந்தது. விசுவாசமாம். சாப்பிடவிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வருஷம் திரும்பியது. துக்கம் கழிந்து முதல் போகி வந்தது. அன்னம்மாவின் ஆட்களுக்குப் பொங்கலை விட அதற்கு முந்தின நாள்தான் பெரிது. அன்றைக்குப் பார்ச்சு. செத்துப்போனவர்களுக்கு இலை போட்டு, அவர்கள் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் பரிமாறி, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டார் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. சாப்பிட்டிருப்பார்கள் என்று மனசுக்குப் பட்ட பிறகுதான் கதவைத் திறப்பார்கள். அவள் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள். இந்த ஒரு வேளையாவது ராஜன் உட்கார்ந்து, யாரும் எழுப்பாமல், முழுசாகச் சாப்பிட வேண்டும். அதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் சேதுபதி வந்து சேர்ந்தார்.

சேதுபதி கோலாலம்பூரில் டிவி நிகழ்ச்சி தயாரிக்கிறவர். வாலிபர், நல்ல மாதிரி, பேச்சில் தேன் ஒழுகும். பொங்கலுக்காகப் பச்சைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்கிறாராம். அன்பையும் நன்றியையும் பிஞ்சு மனசில் விதைக்கப் போகிறாராம். ஆச்சியின் மகனுக்குத் தெரிந்தவர் என்பதால் பாலர் வகுப்பையே படம் எடுக்க, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாலேயே கேமராவும் விளக்குகளுமாக வந்து இறங்கிவிட்டார். ஆச்சிக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்துக்குப் புதுத் திரைச்சீலை, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை, தனக்கு அரக்குப் பட்டு. இந்த ஊரில் பார்ச்சு என்று ஒன்று உண்டு, செத்தவர்களுக்கே நன்றி சொல்கிற வழக்கம், உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது என்று அவரே சேதுபதியிடம் எடுத்துச் சொல்லி, அன்னம்மாவின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

வந்தவரை அன்னம்மா மரியாதையாகத்தான் நடத்தினாள். தேங்காய்ப்பூ வைத்த குவே பலகாரம் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாக விசாரித்தார். கேட்கிற விதம் நன்றாக இருந்ததால் அவளும் மனசைத் திறந்துவிட்டாள். ஹாரனைச் சொன்னாள், மூடிவைத்த தட்டைச் சொன்னாள். இந்தப் போகிக்கு இலை போட்டு அவனை எப்படிக் கூப்பிடப் போகிறாள் என்பதையும், மலாயில் நினைத்து வைத்திருந்ததைத் தமிழாக்கி, மெல்லச் சொல்லிக் காட்டினாள். “ராஜன், வந்து உக்காரு. கார் நிக்கட்டும். இன்னைக்கி யாரு கூப்பிட்டாலும் எழுந்திரிக்காத.” வேறு யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. சேதுபதியின் கண் கலங்கிவிட்டது. பொய்க் கலக்கம் இல்லை, நிஜமாகவே கலங்கியது. அதனால்தான் அவள் ஏமாந்தாள்.

கண்ணைத் துடைத்த கையோடு அவர் வேலையில் இறங்கினார். “அம்மா, இப்ப சொன்னீங்களே, இத அப்படியே பிள்ளைங்கள சுத்தி நிக்க வச்சு எடுத்துருவோம். இலையப் போடுங்க, சோறு கறி வைங்க, நீங்க கூப்பிடுங்க. ஒரு தடவ ஒத்திகை, அப்புறம் எடுக்கறது. சரியா வரலன்னா இன்னொரு தடவ.”

அன்னம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. போகிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றாள். அதனால் என்ன, டிவியில் காட்டும்போது போகியாக இருக்கும் என்றார் அவர். அவளுக்குச் சுருக்கென்றது.

“இலையப் போட்டுக் கூப்பிட்டா அவரு வந்துருவாரு சார்,” என்றாள். “வந்து உக்காந்தவர, லைட்டு சரியில்ல, எழுந்திரு, மறுபடியும் வான்னு நான் சொல்லணுமா? அப்படிச் சொல்றதுக்கு அவருக்கு ஆளுங்க நெறைய இருந்தாங்க. நான் சொல்ல மாட்டேன். இது மாயின் மாயின் இல்ல சார், வெளையாட்டு இல்ல.”

சேதுபதி விடவில்லை. சோறு வேண்டாம், வெறும் இலை போதும் என்று இறங்கி வந்தார். பசியோடு வருகிறவருக்கு வெறும் இலையைக் காட்டுவதா என்று அவள் கேட்டாள். சரி, இலையும் வேண்டாம், கூப்பிடுவது மட்டும் என்றார். இலையே இல்லாமல் கூப்பிடுவது அதைவிடக் கேவலம் என்றாள். மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு ஆச்சியிடம் போனார். ஆச்சி பின்கட்டுக்கு அவளை வரவழைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். சும்மா நடிப்புக்குத்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு வீம்பு, பிள்ளைகளுக்கு நன்றி உணர்ச்சியைச் சொல்லிக்கொடுக்கிற நல்ல காரியத்தில் முரண்டு பிடிக்கலாமா, இந்த வீட்டு உப்பைத் தின்று வளர்ந்தவள் தானே நீ என்றார். அன்னம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உப்பைத் தின்றாளாம். அந்த உப்புப் போட்ட சோற்றை ஒழுங்காகத் தின்னவிட்டார்களா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். முடியாது ஆச்சி என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் சேதுபதியே சமாதானமாகப் போய்விட்டார். பிள்ளைகளை வைத்து முற்றத்தில் பொங்கல் பானை, கரும்பு, பாட்டு என்று எடுத்துக்கொண்டார். தலை வாரிவிட்டதும், அழுத பிள்ளையைச் சிரிக்க வைத்ததும், பாட்டில் மறந்த அடியை மறைவிலிருந்து எடுத்துக்கொடுத்ததும் அன்னம்மாதான். படத்தில் மட்டும் அவள் விழக் கூடாது. தமிழர் பொங்கலில் சாரோங் கட்டிய அம்மாள் நின்றால் பார்க்கிறவர்கள் குழம்பிவிடுவார்களாம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். தள்ளி நின்றாள். நன்றி சொல்கிற பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் ஆச்சி காலில் விழுந்து கும்பிட்டன. ஆச்சி ஆசீர்வாதம் செய்வதைக் கேமரா கிட்டே போய் எடுத்தது. அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். தலைக்கு மேல் வேலை கிடந்தது, போகி நெருங்கிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது சேதுபதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வார்த்தை என் மனசை விட்டுப் போகாது அம்மா என்றார். நல்ல பிள்ளைதான், வேலை அப்படி என்று அவளும் மனசை ஆற்றிக்கொண்டாள்.

போகி அன்று அவள் வகுப்புக்குப் போகவில்லை. விடியக் கருக்கலிலேயே தெங்கேராவுக்குப் போய் மீனைப் பார்த்துப் பொறுக்கி வாங்கினாள். ராஜனின் அக்கா பொன்னம்மா ஒத்தாசைக்கு வந்திருந்தாள். இரண்டு பேருமாக மீன் பிண்டாங், கோழிக்கறி, சம்பல், நெய்ச்சோறு, குவே வகைகள் என்று அடுப்பை விட்டு நகராமல் சமைத்தார்கள். ராஜனின் வெள்ளைச் சட்டையைப் பெட்டிபோட்டு மடித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சூரியன் சாயும் நேரத்தில் இலை போட்டு, ஒன்று விடாமல் பரிமாறி, தண்ணீர் வைத்து, சாம்பிராணி போட்டாயிற்று. மூத்தவள் நீதான் கூப்பிட வேண்டும் என்று பொன்னம்மாவைப் பார்த்தாள். நீயே கூப்பிடு, உன் குரலுக்குத்தான் அவன் வருவான் என்றாள் பொன்னம்மா.

அன்னம்மா இலைக்கு முன்னால் குனிந்தாள். “ராஜன், மாரி மாக்கான்,” என்று வீட்டில் எப்போதும் கூப்பிடுவது போலவே சாப்பிட வரச் சொன்னாள். பிறகு நினைத்து வைத்திருந்த மீதியையும் சொன்னாள். முழுசாகச் சொல்லி முடித்தாள். விளக்கைத் தூண்டிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்து, படியில் உட்கார்ந்தாள். மனசுக்குள் அப்படி ஒரு நிம்மதி. அவன் இப்போது சட்டையைத் தடவிப் பார்ப்பான், பிண்டாங்கை முகர்ந்து பார்ப்பான், முதல் கவளத்தை வைத்துவிட்டுத் தலையாட்டுவான், பிறகு இரண்டாவது கவளம், மூன்றாவது. அப்பாடா என்று அவளுக்குக் கண்ணீர் வந்தது.

சந்தில் எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். நாய்களைக்கூட அதட்டாமல் கல்லைக் காட்டி விரட்டினார்கள். அந்த அமைதியில் ஆச்சி வீட்டுப் பக்கமிருந்து கொரகொரவென்று ஒரு சத்தம் கிளம்பியது.

ஆச்சியின் மகன் செய்த புண்ணியம் அது. நம் வீட்டுப் பிள்ளைகள் டிவியில் வருகிறார்கள், ஊரே கேட்க வேண்டாமா என்று, கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்து மாடிக் கம்பியில் கட்டி, மைக்கை டிவி பெட்டி வாய்க்கு நேராக வைத்துவிட்டான். இந்தச் சந்தில் இன்றைக்கு, இந்த நேரத்தில், எல்லா வீட்டிலும் படையல் நடக்கிறது என்பது அந்த வீட்டில் யாருக்குமா தெரியாது? தெரியும். பார்ச்சைப் பற்றி டிவிக்காரருக்குப் பாடம் எடுத்தவரே ஆச்சிதானே. தெரியும், ஆனால் தோன்றாது. அவர்களுக்கு எப்போதுமே தோன்றியதில்லை.

முதலில் பிள்ளைகள் பாட்டு வந்தது. அன்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அவள் எடுத்துக்கொடுத்த அடிதான், அவள் வளர்த்த குரல்கள்தான். பாட்டுக்கு ராஜன் எழுந்திருக்க மாட்டான், கேட்டுக்கொண்டே சாப்பிடுவான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். பிறகு கொஞ்சுகிற குரலில் ஒரு பெண், நமக்காக உழைத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் குழந்தைகளே, ஒரு காலத்தில் ஒரு நல்ல டிரைவர் மாமா இருந்தார், அவருக்கு இன்றைக்கு இலை போட்டிருக்கிறோம், எல்லாரும் சேர்ந்து கூப்பிடலாமா என்றாள். கோலாலம்பூரில், கண் கூசும் விளக்குக்குக் கீழே, எந்த நடிகையோ எந்த இலையையோ வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ராஜன்,” என்று அந்தக் குரல் கூப்பிட்டது. “வாங்க ராஜன். சீக்கிரம் வாங்க. நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்.” அதைத் தொடர்ந்து ஸ்டூடியோப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் ராஜன் மாமா, ராஜன் மாமா என்று கத்தத் தொடங்கின.

அவள் சேதுபதியிடம் மனசு விட்டுச் சொன்னதில் உட்காரு என்றது போயிற்று, கார் நிற்கட்டும் என்றது போயிற்று, எழுந்திருக்காதே என்றது போயிற்று. கூப்பிடுவது மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் எந்தத் திசையிலிருந்து? ஆச்சி வீட்டு மாடியிலிருந்து. எந்தப் பாஷையில்? அவனை வேலைக்குக் கூப்பிட்ட பாஷையில். அவள் வீட்டில் மலாயில் ஆயிரம் சொன்னாலும், அந்த மாடியிலிருந்து தமிழில் பேர் வந்துவிட்டால் அந்த மனிதன் எழுந்துவிடுவான். கேட்டுப் பழகிய காது. இந்நேரம் கையை உதறியிருப்பான்.

“அக்கா, கதவ யாரும் தொடாம பாத்துக்க,” என்று பொன்னம்மாவிடம் சொல்லிவிட்டு அன்னம்மா ஓடினாள். சாரோங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், அந்த வயதில் அப்படி ஓடி அவளைச் சந்தில் யாரும் பார்த்ததில்லை.

ஆச்சி வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. பாயில் பாலர் வகுப்புப் பிள்ளைகள், நாற்காலிகளில் பெரிய மனிதர்கள், நடுவில் அரக்குப் பட்டில் ஆச்சி. பெட்டிக்குள் அந்த நடிகை இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்னம்மா யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் மைக்கைத் தட்டிவிட்டாள். அது கீழே விழுந்து ஊளையிட்டது. பெட்டியின் குமிழைத் திருகி அணைத்தாள். மைக்கின் வயரையும் பிடுங்கி எடுத்தாள். வீடும் சந்தும் ஒன்றாக அடங்கின. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு தங்கள் அன்னம்மாவைப் பார்த்தன.

ஆச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏன்டி, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? வந்திருக்கவுக முன்னாடி என்ன காரியம் பண்ற?”

“அவரு எலையில உக்காந்திருக்காரு ஆச்சி. கூப்பிடாதீங்க.”

“எவருடி?”

“உங்க டிரைவரு.”

ஆச்சி கொஞ்சம் தடுமாறித்தான் போனார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, அவருக்கு நன்றி சொல்லத்தானே இந்த நிகழ்ச்சி, சின்னஞ்சிறுசுகள் எல்லாம் அவர் பேரைச் சொல்லி நன்றி சொல்வது பெருமையில்லையா, நல்லதைச் செய்தாலும் குற்றமா என்று நியாயம் பேச ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அதற்குத் தலையாட்டினார்கள். மகன் மைக்கை எடுத்துத் துடைத்து மறுபடியும் பெட்டியின் மேல் வைக்கப் போனான்.

அன்னம்மா பெட்டிக்கு முன்னால் நகர்ந்து குறுக்கே நின்றாள். வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். மடியில் போட்டு வளர்த்த பிள்ளைகள் முன்னாலேயே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள் என்றும் தெரியும். தள்ளட்டும்.

“வாழ்நாள் பூரா உங்க வீட்டுக் கொரலுக்கு, வாயில வச்ச சோத்த விட்டுட்டு ஓடியாந்த மனுசன் ஆச்சி,” என்றாள். “போன அன்னைக்கும் அப்படித்தான் போனாரு. நன்றி சொல்லணும்னு தோணுச்சுன்னா, கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க. அது போதும்.”

மகன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ஆச்சி அவனைப் பார்க்கவும் இல்லை, பெட்டியைப் போடு என்று சொல்லவும் இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்னம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, இனி யாரும் தொட மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு வெளியே வந்தாள். வழியெல்லாம் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அன்பாம், நன்றியாம். ஒரு மனிதனை நிம்மதியாக ஒரு வேளை உட்காரவிட அந்த வீட்டிலேயே ஒருத்தி போய்ச் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது.

வீட்டுப் படியில் பொன்னம்மா காவல் இருந்தாள். கதவு சாத்தியபடியே இருந்தது. அன்னம்மா கதவில் வாயை வைத்து, ஒன்றும் இல்லை, சும்மா சத்தம், நீ சாப்பிடு என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். ஆச்சி வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தார்கள். படையல் சோற்றைப் பங்கிடுகிற பேச்சும் சிரிப்பும் சந்து முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டார் பலகாரத் தட்டோடு வந்து, இன்னுமா திறக்கவில்லை என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பொன்னம்மா இரண்டொரு தரம் கதவைப் பார்த்தாள், அன்னம்மாவைப் பார்த்தாள். நேரமாகிவிட்டதே, எல்லாரும் திறந்துவிட்டார்களே, நாமும் திறக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“இருக்கட்டும் அக்கா,” என்றாள் அன்னம்மா. “அவருக்கு இனிமே எங்கயும் போக வேண்டியதில்ல.”